ரேடியஸில் போட்ட சுழி

மேனாம்பேடு ஜம்புலிங்கத்துக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ‘கண்ணாடி’ என்று ஒரு பட்டப்பெயர். மூக்குக் கண்ணாடி போட்ட ஆளோ என்று நினைத்துவிட வேண்டாம். அவர் லேத்தில் கடைந்து இறக்கின ஷாஃப்டில் குனிந்து தலை வாரிக்கொள்ளலாம், அவ்வளவு பளபளப்பு. அதனால் வந்த பெயர். எழுபத்தெட்டாம் வருஷம் பரந்தாமனுடைய பட்டறையில் டர்னராகச் சேர்ந்தார். அப்போது பட்டறை என்றால் தகரக் கொட்டகை, மூன்று லேத், மழை பெய்தால் நான்கு வாளி. பம்பு ஷாஃப்ட், லாரி ஆக்சில் என்று எது வந்தாலும் கடைவார்கள். கொட்டகை பெரிதாகி, இருபத்திரண்டு பேர் வேலை செய்கிற இடமான பிறகும் பெரிய லேத் ஜம்புலிங்கத்தின் கையில்தான் இருந்தது. வேறொருவன் அதைத் தொட்டால் அவருக்குப் பிடிக்காது. தொட்டவனுக்கும் அன்றைக்கு நல்ல நாளாக இருக்காது.

ஆள் முன்கோபி. அதிலும் கீறல் விஷயத்தில் கேட்கவே வேண்டாம். ஷாஃப்ட் என்பது ஒரே தடிமனில் போகிற கம்பி இல்லை. பேரிங் உட்காருகிற இடத்தில் ஒரு தடிமன், அதைத் தாண்டினால் இன்னொரு தடிமன். தடிமன் மாறுகிற மூலை வெட்டினாற்போல் இருக்கக் கூடாது, வழுவழுவென்று வளைந்து ஏற வேண்டும். அந்த வளைவுக்குப் பட்டறையில் ரேடியஸ் என்று பெயர். ரேடியஸில் மயிரிழை அளவுக்கு ஒரு கோடு தெரிந்தால் போதும், கடைந்தவனுடைய பாட்டன் பூட்டன் வரைக்கும் இழுத்து வைத்துப் பேசுவார்.

"ரேடியஸ்ல கோடு உட்டா அங்கதான்டா ஒடியும். துணிக்கடைல துணி கிழிக்க சொல்லோ ஓரத்துல கத்திரில ஒரு வெட்டு வெட்டுவான் பாரு, அத்த மாரி. வெட்டிட்டா அப்பால இழுக்கறதுக்குப் பலமே தேவையில்ல" என்பார்.

இதை ஊருக்கெல்லாம் சொன்ன மனுஷன்தான். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

எண்பத்து மூன்றில் ஒரு நாள், சுற்றிக்கொண்டிருந்த ஆக்சில் ஒன்று பிடியிலிருந்து பிய்த்துக்கொண்டு பறந்து, அவர் காதை உரசியபடி போய்ச் சுவரில் மோதியது. செங்கல் இரண்டாகப் பிளந்தது. ஒரு விரற்கடை தள்ளி வந்திருந்தால் அன்றைக்கே சங்கு ஊதியிருப்பார்கள். அதற்கப்புறம் அவர் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். உடைந்துபோன கட்டிங் டூல் துண்டு ஒன்றைக் கிரைண்டரில் இரண்டு நாள் தீட்டி, முனையில் ஒரு சின்னப் பிள்ளையார் சுழி வரும்படி பஞ்ச் செய்துகொண்டார். துவரம்பருப்பு அளவு ‘உ’. கடைசிக் கடைசல் முடிந்து, வேஸ்ட் துணியால் துடைத்து, ஷாஃப்டை இறக்குவதற்கு முன்னால் அதன் முனைத் தட்டில், நுனியில் தெரிகிற தட்டையான வட்டத்தில், அந்தத் துண்டை வைத்துச் சுத்தியலால் ஒரே தட்டு. சுழி விழாமல் எந்த வேலையும் பட்டறையை விட்டு வெளியே போகாது. பரந்தாமனுக்கும் அது பிடித்துப்போனது. பட்டறையின் ராசியே அந்தச் சுழிதான் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டார். முனைத் தட்டில் எதைக் குத்தினாலும் ஷாஃப்டுக்கு ஒன்றும் ஆகாது, அந்த இடத்தில் பாரம் கிடையாது. அதனால் பம்புக்கும் லாரிக்கும் பத்து வருஷம் சுழி போட்டு அனுப்பியும் ஒரு குறையும் வரவில்லை.

தொண்ணூற்றிரண்டில் காற்றாலை வேலை வந்தது. தெற்கே ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு கம்பெனி வரிசையாகக் காற்றாலை நட்டுக்கொண்டு போனது. இறக்கைச் சக்கரத்தைத் தாங்குகிற பெரிய ஷாஃப்டை இங்கே கடைந்து தர வேண்டும். ஒவ்வொன்றும் ஆள் உயரத்துக்கு மேல், ஒரு டன் எடை. சங்கிலி போட்டுத் தூக்கித்தான் லேத்தில் ஏற்ற முடியும். ஜம்புலிங்கம் முதல் ஷாஃப்டைக் கடைய ஆறு நாள் எடுத்துக்கொண்டார். ரேடியஸை எமரித் தாள் வைத்து அரை நாள் தேய்த்தார். வழக்கம் போல முனைத் தட்டில் சுழியையும் போட்டார்.

கம்பெனியிலிருந்து பரிசோதிக்க வந்தவர்கள் அதைத் திருப்பிவிட்டார்கள். முனைத் தட்டில் அவர்களுடைய நம்பர் தவிர வேறு எந்த அடையாளமும் இருக்கக் கூடாதாம். தட்டை மறுபடி சீவிக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஜம்புலிங்கத்துக்கு முகம் தொங்கிவிட்டது. சுழி இல்லாமல் ஒரு டன் இரும்பை அவ்வளவு உயரத்தில் ஏற்றுவதா? ரெண்டு நாள் யோசித்து ஓர் இடம் கண்டுபிடித்தார். முன்பக்க பேரிங்கை ஒட்டி, ஷாஃப்ட் தடிக்கிற இடம். அதன் மேல் ஒரு இரும்பு வளையம் வந்து மூடிக்கொள்ளும், எவன் கண்ணிலும் படாது. பரிசோதனை முடிந்து முத்திரை விழுந்த பிறகு, வளையத்தை மாட்டுவதற்கு முன்னால், அங்கே ஒரே தட்டு.

அது ரேடியஸ். அவர் அரை நாள் எமரி போட்ட அதே ரேடியஸ். இன்னொருவன் அங்கே நகம் வைத்திருந்தால் அவனைப் பட்டறையை விட்டே துரத்தியிருப்பார். ஆனால் தன் கையால் போட்ட சுழியும் ஒரு கீறல்தான் என்று அந்த மனுஷனுக்குத் தோன்றவே இல்லை. சாமி காரியம் வேறு, இரும்புக் காரியம் வேறு என்று மனசில் எங்கோ பிரித்து வைத்திருந்தார் போலிருக்கிறது. இரும்புக்கு அந்தப் பிரிவினை எல்லாம் எங்கே தெரியும்.

இப்படி நான்கு வருஷத்தில் முப்பத்தெட்டு ஷாஃப்ட் போயின.

அந்தக் கம்பெனியிலேயே அவருடைய மாப்பிள்ளைக்கும் வேலை கிடைத்தது. பாரிவாக்கத்துப் பையன், பெயர் கோவிந்தராஜ், ஐ.டி.ஐ. பிட்டர் படிப்பு. ஜம்புலிங்கம் சொல்லித்தான் எடுத்துக்கொண்டார்கள். ஆரல்வாய்மொழியில் காற்றாலைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. ஏணியில் ஏறி எண்ணெய் ஊற்றுவது, போல்டு முடுக்குவது. தொண்ணூற்றாறு தை மாசம் அவனுக்கும் ஜம்புலிங்கத்தின் ஒரே மகள் வடிவுக்கும் கல்யாணம். அங்கே வீடு கிடைக்கிற வரைக்கும் வடிவு மாமியார் வீட்டில் இருந்தாள். கோவிந்தராஜோடு வேலை பார்க்கிற பால்ராஜ் கல்யாணத்துக்கு வந்திருந்தான். ஆவடி குவார்ட்டர்ஸ் பையன். தாய்வழி ஊர் நாசரேத் பக்கம் என்பதால் தெற்கத்தி வேலையை விரும்பிக் கேட்டு வாங்கிக்கொண்டு போனவன். விருந்தாளியாக வந்தவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூன்று பந்தி பரிமாறினான். ஜம்புலிங்கம் போதும் போதும் என்று கையை மறித்தும் கேளாமல் இலையில் இரண்டாவது தடவை பாயசம் ஊற்றிவிட்டுப் போனவன் அவன்தான்.

அந்த வருஷம் ஆனி மாச நடுவில் ஒரு காற்றாலையின் ஷாஃப்ட் முறிந்தது. இறக்கைச் சக்கரம் அப்படியே பனங்காட்டில் விழுந்தது. விடியற்காலை நேரம், பக்கத்தில் ஆள் இல்லை. முறிந்த ஷாஃப்டை லாரியில் ஏற்றி, கடைந்த பட்டறைக்கே அனுப்பி வைத்தார்கள். இரண்டு நாள் கழித்துக் கம்பெனி இன்ஜினியர் வந்து பார்ப்பதாக ஏற்பாடு.

லாரி வந்தது ஞாயிற்றுக்கிழமை. பரந்தாமனும் ஜம்புலிங்கமும் மட்டும் பட்டறையில் இருந்தார்கள். சாக்கை விலக்கினதும் முறிந்த முகம் தெரிந்தது. வட்டத்தில் முக்கால்வாசி வழுவழுப்பு. ஒரு புள்ளியிலிருந்து கிளம்பி, ஈர மணலில் அலை விட்டுப்போன கோடுகள் மாதிரி வரிவரியாக அகன்றுகொண்டே போயிருந்தது. மிச்சம் கால்வாசி மட்டும் கரடுமுரடு. கொஞ்சம் கொஞ்சமாக விரிசல் நடந்து நடந்து, கடைசிக் கால்வாசியால் தாங்க முடியாமல் ஒரே அடியில் முறிந்திருக்கிறது. வரிகளெல்லாம் எங்கே போய்ச் சேருகின்றன என்று ஜம்புலிங்கம் விரலால் தடவிக்கொண்டே போனார். விரல் போய் நின்ற இடத்தில் அரைச் சுழி இருந்தது. மீதி அரை அந்தப் பக்கத்துத் துண்டில்.

அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நாலு டன் சக்கரம் ஷாஃப்டின் முன்னால் தொங்குகிறது. அந்தப் பாரத்தில் ஷாஃப்டின் மேல்தோல் இழுபடும், கீழ்த்தோல் நசுங்கும். அரைச் சுற்றுச் சுற்றினால் மேல் கீழாகும், கீழ் மேலாகும். நிமிஷத்துக்கு நாற்பது சுற்று. ஒரு சீசனுக்கு எண்பது லட்சம் தடவைக்குக் குறையாமல் அந்தச் சுழியை இழுத்து நசுக்கி, இழுத்து நசுக்கி, அதன் வால் நுனியிலிருந்து விரிசல் கிளம்பிவிட்டது. காற்று ஒரே சீராக அடித்தாலாவது பரவாயில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று விட்டு விட்டு அறைகிற காற்று.

அவர் கீழே உட்கார்ந்துவிட்டார். "மொதலாளி, இது நம்ம போட்டதுதான். மீதி முப்பத்தேழும் இதே கதிதான்."

பரந்தாமன் சாக்கை இழுத்து முறிந்த இடத்தை மூடினார். கெட்டவர் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. தொழிலாளி வீட்டுக் கல்யாணம் கருமாதி எதற்கும் முதல் ஆளாக நிற்கிறவர். பயந்துவிட்டார், அதுதான் உண்மை.

"ஜம்பு, இது வெளிய தெரிஞ்சா நாளைக்கே ஷட்டர் எறங்கிடும். இருவத்திரண்டு குடும்பம்பா. இந்த சீசன் ஓடட்டும். ஐப்பசில காத்து நின்னதும் நானே ஏதாவது காரணம் சொல்லி ஒவ்வொண்ணா எறக்கி மாத்திக் குடுத்துடறேன். மூணு மாசந்தான். இப்ப அந்த எடத்துல கிரைண்டர வெச்சு ரெண்டு இழுப்பு இழுத்துடு."

"அதுக்குள்ள இன்னொண்ணு ஒடிஞ்சா?"

"ஒடியாது. சுழி போட்டுத்தான அனுப்பிக்கீற" என்றார் பரந்தாமன். சொன்ன பிறகு அவருக்கே என்னவோ போலிருந்திருக்க வேண்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஜம்புலிங்கம் கிரைண்டரை எடுத்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான் என்று தெரியும். இருந்தும் எடுத்தார். இரண்டு துண்டிலும் இழுத்துத் தேய்த்து, தேய்த்த பளபளப்பு துருவேறி மறைய உப்புத் தண்ணீர் தெளித்தார்.

செவ்வாய்க்கிழமை வந்த இன்ஜினியர் ஒரு பெண். கஸ்தூரி என்று பெயர், முப்பது வயசு இருக்கும். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தரையில் மண்டியிட்டு, லென்ஸ் வைத்து ஒரு மணி நேரம் பார்த்தார். வரிகளை அவரும் பின்னாலேயே தொடர்ந்து போய், ஜம்புலிங்கத்தின் விரல் நின்ற அதே இடத்தில் நின்றார்.

"சரியா ஆரம்பிச்ச இடம் மட்டும் தேஞ்சிருக்கு. இங்க யாராவது கை வெச்சீங்களா?"

கேட்டது பரந்தாமனை இல்லை. ஜம்புலிங்கத்தை நேராகப் பார்த்துக் கேட்டார்.

"லாரில உருண்டு வந்துச்சு மேடம். தேஞ்சிருக்கும்."

கஸ்தூரி லென்ஸை மடித்து உறையில் போட்டார். பிறகு பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினார். "இதுல என் போன் நம்பர் இருக்கு. எதாவது ஞாபகம் வந்தா பேசுங்க. எந்த நேரம்னாலும் சரி."

அட்டையை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இரும்பிலேயே ஏதோ கோளாறு இருந்திருக்கலாம், நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை என்று அறிக்கை போனது. மற்றக் காற்றாலைகள் ஓடிக்கொண்டிருந்தன. ஆடி நெருங்கியது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்கிற மாசம்.

அப்போதுதான் அவர் அந்தக் காரியத்தைச் செய்தார். அட்டையில் இருந்த நம்பருக்குப் பேசவில்லை. ஆரல்வாய்மொழிக்குத் தந்தி கொடுத்தார். தலை ஆடி விருந்துக்கு மாப்பிள்ளை உடனே புறப்பட்டு வரவும் என்று.

"ஆடிக்கு அழைக்காத மாமியாரைத் தேடிப் புடிச்சு செருப்பால அடிக்கணும்னுவாங்க. இந்த ஊட்ல மாமனாரு தந்தியே குடுக்கறாரு" என்று மனைவி ஜெகதாம்பாள் சிரித்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

கோவிந்தராஜ் வந்தான். வேட்டி, சட்டை, தேங்காய்ப்பால் எல்லாம் முறைப்படி நடந்தது. வடிவையும் அழைத்து வந்திருந்தார்கள். நாலாம் நாள் மாப்பிள்ளை கிளம்பினபோது ஜம்புலிங்கம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"நெஞ்சு கரிக்குது மாப்ள. டாக்டராண்ட இட்டுனு போவக்கூட ஆம்பள இல்ல ஊட்ல. ஒரு வாரம் இருந்துட்டுப் போயேன்."

அடுத்த வாரமும் நெஞ்சு கரித்தது. தெருவில் கேலி பேசினார்கள். ஆடியில் புருஷன் பெண்டாட்டியைப் பிரித்து வைப்பார்கள், இவர் என்னடாவென்றால் பிடித்து வைக்கிறார் என்று. ஜெகதாம்பாளுக்கே கூச்சமாகிவிட்டது. ஜம்புலிங்கம் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஐப்பசி வரைக்கும் அவனை எப்படி நிறுத்தி வைப்பது என்பது ஒன்றுதான் அவர் யோசனை. பட்டறையிலேயே வேலை போட்டுத் தரும்படி பரந்தாமனிடம் கேட்டுவிட்டார். பரந்தாமன் ஏன் என்று கேட்காமலே சரி என்றார்.

ஒரு மத்தியானம் சாப்பிடும்போது கோவிந்தராஜ் சொன்னான்: "பால்ராஜுக்குப் போன் பண்ணேன் மாமா. என் மெஷினு, அவன் மெஷினு எல்லாத்தையும் அவன் ஒருத்தனே பாக்கறான். இருந்தும் இன்னா சொல்றான் தெரிமா? ‘நீ மாமனாரப் பாத்துக்க, இங்க நான் பாத்துக்கறேன்’னு. தங்கமான பய மாமா."

ஜம்புலிங்கம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அப்போது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தால் போதும். "அவன ஜாக்ரதையா இருக்கச் சொல்லு" என்று மட்டும் சொன்னார். எதில் ஜாக்கிரதை என்று மாப்பிள்ளை கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. மோர் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டார்.

ஆடி பதின்மூன்று காலையில் தெருமுனை மளிகைக் கடைக்குப் போன் வந்தது. கடைக்காரர் கோவிந்தராஜைக் கூப்பிட்டார். போனவன் வெகுநேரம் வரவில்லை. ஜம்புலிங்கம் போய்ப் பார்த்தபோது, அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

காற்று ரொம்ப அடிக்கிறது, ஒரு மெஷினில் சத்தம் வேறு மாதிரி கேட்கிறது என்று பால்ராஜ் அதை நிறுத்தப் போயிருக்கிறான். சரியான காரியந்தான், யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். கோபுரத்தின் அடியில் இருக்கிற சுவிட்சுப் பெட்டியைத் திறந்து பொத்தானை அமுக்கியிருக்கிறான். பிரேக் பிடித்த உலுக்கலில் மேலே ஷாஃப்ட் முறிந்துவிட்டது. சக்கரம் கோபுரத்தை ஒட்டியே கீழே வந்து அவன் மேல் விழுந்தது. அது கோவிந்தராஜின் மெஷின். அன்றைக்கு முறைப்படி அவன் நின்றிருக்க வேண்டிய இடம்.

ஜெகதாம்பாள் விஷயம் கேட்டதும் மாப்பிள்ளையின் முகத்தைத் தடவித் திருஷ்டி கழித்தாள். "தலைக்கு வந்தது தலப்பாவோட போச்சு. மாங்காட்டு அம்மா காப்பாத்திட்டா" என்று அழுதாள். கோவிந்தராஜ் அவள் கையை மெல்ல விலக்கிவிட்டு, பால்ராஜ் வீட்டுக்கு, ஆவடிக்குக் கிளம்பிப் போனான்.

ஜம்புலிங்கம் மளிகைக் கடைக்கே திரும்பி வந்து, அட்டையை எடுத்துப் போனைச் சுழற்றினார். கஸ்தூரி எடுத்ததும் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னார். சுழி, ரேடியஸ், கிரைண்டர், உப்புத் தண்ணீர். அந்தப் பக்கம் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது. "ஷாஃப்ட் நம்பர் ஒவ்வொண்ணா சொல்லுங்க" என்றார் கஸ்தூரி. திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சாயங்காலத்துக்குள் முப்பத்தாறு காற்றாலையும் நின்றன. வளையங்களைக் கழற்றிப் பார்த்ததில் ஒன்பதில் விரிசல் இருந்தது. அதில் ஒன்று இன்னும் ஒரு வாரம்கூடத் தாங்கியிருக்காதாம். நாலு பேராவது பிழைத்தார்கள் என்று பிற்பாடு கஸ்தூரி அவரிடம் சொன்னார். அந்தக் கணக்கு அவருக்கு எந்த ஆறுதலும் தரவில்லை.

"எல்லாரையும் தெருவுல நிக்க வெச்சிட்டியே ஜம்பு" என்றார் பரந்தாமன். சத்தம் போடவில்லை. பெரிய லேத்தின்மேல் தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டு உள்ளே போனார்.

பால்ராஜின் அடக்கத்துக்கு ஜம்புலிங்கம் போகவில்லை. நெஞ்சு வலி என்று சொல்லிவிட்டார், அந்தத் தடவை அது பொய்யும் இல்லை. மூன்றாம் நாள் தனியாக ஆவடிக்கு ரயில் ஏறினார். திருமுல்லைவாயல், அண்ணனூர் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கித் திரும்பிவிடலாமா என்று பார்த்தார்.

பால்ராஜின் அம்மா ஞானம்மாள் டாங்கித் தொழிற்சாலை கேண்டீனில் வேலை பார்த்தாள். புருஷன் வேலையில் இருக்கும்போதே போய்விட்டதால் அவளுக்குக் கிடைத்த வேலை, அதோடு வந்த குவார்ட்டர்ஸ். ஒரே பிள்ளை. வீட்டில் இரண்டு மூன்று பெண்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். இன்னார் என்று சொன்னதும் ஞானம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"வாங்க அண்ணாச்சி. கோவிந்தராசு மாமனாரா? ஒங்களுக்கு ஒடம்பு சொகமில்லன்னாவள, இப்ப தேவலையா?"

அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"எம் பிள்ள போனு பேசும்போதெல்லாம் ஒங்களத்தான் கேப்பான். மாமனாருக்கு நல்லாகட்டும்னு ஜெவம் பண்ணும்மான்னு சொன்னான். நானும் பண்ணுனேன். போறவன் போயிட்டான். ஒங்க வீட்டு மாப்பிள்ளையவாவது கர்த்தர் வச்சிருக்காரே. அந்தப் பிள்ளைதான் அடக்கத்துல பெட்டியத் தூக்கிச்சு."

அவளுடைய குரலில் குத்தல் ஒன்றும் இல்லை. மனசாரத்தான் சொன்னாள். அதைத்தான் ஜம்புலிங்கத்தால் தாங்க முடியவில்லை. நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்து சொல்லிவிட்டார். ஷாஃப்டைக் கடைந்தது தான் என்பதிலிருந்து, தந்தி கொடுத்தது வரைக்கும். பெண்களில் ஒருத்தி எழுந்து நின்றுவிட்டாள். இரும்பு, விரிசல், சுழி இதெல்லாம் ஞானம்மாளுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. கடைசியில் ஒன்றே ஒன்றைக் கேட்டாள்.

"ஒடியும்னு ஒங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் ஒங்க மாப்பிள்ளைய வரச் சொன்னிய?"

"ஆமா."

"இது அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"போயிச் சொல்லுங்க. அந்தப் பிள்ள என் காலக் கட்டிக்கிட்டு, நான் லீவு போட்டதாலதான் ஒங்க மவன் போயிட்டான்னு அழுது. மூணு நாளாத் தண்ணி குடிக்கல. அது மேல பழி இல்லன்னு போயிச் சொல்லுங்க." பிறகு எழுந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இங்க இனி வராதிய."

ஜம்புலிங்கம் வீட்டுக்கு வந்தபோது கோவிந்தராஜ் கூடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் தட்டில் சோறு அப்படியே காய்ந்துகொண்டிருந்தது. வடிவு கதவோரம் நின்றாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்ற இடத்திலேயே அவர் எல்லாவற்றையும் இன்னொரு தடவை சொன்னார். இரண்டாவது தடவை சொல்வது சுலபமாக இருக்கும் என்று வழியில் நினைத்துக்கொண்டு வந்திருந்தார். இல்லை.

கோவிந்தராஜ் கத்துவான், சட்டையைப் பிடிப்பான் என்று எதிர்பார்த்தார். பிடித்திருந்தால் கையைக்கூட மறித்திருக்க மாட்டார். அவன் காய்ந்த சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தான். அப்புறம் நிமிர்ந்தான்.

"ஒடியும்னு என்னாண்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, வர சொல்லோ அவனையும் இட்டுனு வந்திருப்பேனே மாமா."

வடிவு உள்ளே போய்த் தன் துணிகளை எடுத்துப் பைக்குள் வைத்தாள். அன்று சாயங்காலமே இரண்டு பேரும் பாரிவாக்கத்துக்குப் போனார்கள். ஜம்புலிங்கம் அதற்குப் பிறகு எந்த லேத்தின் முன்னாலும் நிற்கவில்லை. எஸ்டேட் வாசலில் ஒரு கம்பெனிக்கு வாட்ச்மேனாக உட்கார்ந்தார். பேரப்பிள்ளை பிறந்த செய்தியை ஜெகதாம்பாள் வந்து சொன்னாள். பார்க்கப் போகலாம் வாங்க என்று கூப்பிட்டாள். நீ போய்ட்டு வா என்றார்.